உட்காராமல் பேசி முடித்த சம்பந்தம்: மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மதுரைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்து என் புட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். கண்ணாடியைத் துடைக்க வேண்டாம்.

காரணம் இருக்கிறது. போன வருஷம் எங்கள் சபையில் அசன விருந்து. சாம்பார் வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பெண்கள் பந்திக்குள் நுழைகிறேன், வேட்டி அவிழ்ந்து கணுக்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. வாளியை விட்டால் சாம்பார் போகும், விடாவிட்டால் மானம் போகும். நான் சாம்பாரைக் காப்பாற்றினேன். உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். "அண்ணாச்சிக்கு முன்னால மலை, பின்னால மைதானம். வேட்டி எதுல நிக்கும்?" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் அடுத்த அசனத்தில் எனக்குக் கறி விழாது.

ஒட்டு வேட்டி கட்டிப் பார்த்தேன், ஒட்டோடு இறங்கியது. பெல்ட் போட்டேன், பெல்ட்டோடு இறங்கியது. எங்கள் ஊரான ராஜபாளையத்து நாய்க்குக்கூட இடுப்புக்குக் கீழே ஒரு கம்பீரம் உண்டு. அந்த ஊர்க்காரனாகிய எனக்கு முதுகு முடிந்ததும் நேராகத் தொடை. ஆகவே தொப்பையிலிருந்து கொழுப்பைக் குழாய் போட்டு எடுத்துப் பின்னால் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டதும், இதை எனக்காகவேதான் யாரோ கண்டுபிடித்திருக்கிறார் என்று தோன்றிவிட்டது. வேண்டாத இடத்தில் இருப்பதை வேண்டிய இடத்துக்கு மாற்றுவது. வீட்டில் பீரோவை நகர்த்துகிற மாதிரி.

இனி பயணம். இதே சிகிச்சை செய்துகொண்டு நம் பக்கத்துச் சாலைகளில் ஊர் திரும்ப நினைப்பவர்கள் இந்த இடத்திலிருந்து கவனமாகப் படிக்கவும்.

மருத்துவர் எனக்குச் சொன்ன விதிகள் சுருக்கமானவை. மூன்று வாரத்துக்குப் புட்டத்தில் எடை விழக் கூடாது. படுத்தால் குப்புறப் படுக்கணும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை நடக்கணும். இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்ட இறுக்க உடுப்பைக் குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். புதிதாக வைத்த கொழுப்பு வேர் பிடிக்கிற வரைக்கும் நாற்று மாதிரியாம். நாற்றின் மேல் யாராவது உட்காருவார்களா?

நான்காம் நாள் காலை 6.10க்கு மதுரையிலிருந்து கிளம்பினேன். ராஜபாளையம் 85 கிலோமீட்டர். தளவாய்புரத்து டிரைவர் முருகேசனின் ஆம்னி வேன், வாடகை 4,200 ரூபாய். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, என் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பஞ்சுப் பொதிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தான். ஆயிரக்கணக்கான மீட்டர் பேண்டேஜ் நெய்து ஊர் ஊராக அனுப்பியவன், கடைசியில் அந்தப் பஞ்சின் மேலேயே மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு போனேன்.

"எதுக்கு அண்ணாச்சி ஆப்ரேசன்? மூலமா?"

"ம்" என்றேன்.

"எங்க மாமனாருக்கும் மூலம்தான். உக்காரவே மாட்டாரு. கருணைக்கெழங்கு சாப்பிடுங்க."

அந்த "ம்" எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான கிழங்கைக் கொண்டுவந்து சேர்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டி.கல்லுப்பட்டியில் 7.15க்கு டீ, இரண்டு கிளாஸ் 24 ரூபாய். டீக்காகவா நிறுத்தினோம்? இல்லை, நடக்க. மணிக்கு ஒரு தடவையாவது இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது. கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் நான் விளையாடாமல் சொல்கிற ஒரே வரி இதுதான். கிருஷ்ணன்கோவிலிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்றோம். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு வேகத்தடையை முருகேசன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வீடு வந்தபோது மணி 9.05.

வீட்டில் எஸ்தர், அதாவது என் மனைவி, கட்டிலை ஒழுங்கு பண்ணி வைத்திருந்தாள். நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று, கழுத்து திருப்ப வசதியாக முகத்துக்கு ஒரு சுருட்டிய துண்டு. கட்டில் ஓரத்தில் கை எட்டுகிற உயரத்தில் ஒரு ஸ்டூல், அதில் தண்ணீர், போன், மாத்திரை. வேறு யாரிடமும் இவ்வளவு வசதி கிடைத்திருக்காது. ஆனால் வாயும் கூடவே வந்தது. "அம்பது வயசுக்கு மேல பொம்பளைகளே செய்யாததை இவரு செஞ்சுட்டு வந்து கெடக்காரு" என்று அடுப்படியிலிருந்து சட்டியிடம் சொல்லுவாள். சட்டிக்குக் காது கேட்காது, எனக்குக் கேட்கும்.

முருகேசன் மூலமாக மூலம் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. நலம் விசாரிக்க வந்த எதிர்வீட்டு ராஜு இரண்டு கிலோ கருணைக்கிழங்கோடு வந்தார். வரவேற்க எழுந்து நின்றால், நாற்காலியைக் காட்டி "கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் உட்காரச் சொன்னார். என் வீட்டு நாற்காலியில் என்னையே உபசரிக்கிறார். நான் நின்றேன். மரியாதைக்கு அவரும் நின்றார். முக்கால் மணி நேரம் இருவரும் நின்றே பேசினோம். போகும்போது அவர்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் ஒரு கண்டுபிடிப்பு. முழங்காலுக்குத் தலையணை போட்டு மண்டியிட்டால் எதிரே மேஜை சரியான உயரத்துக்கு வருகிறது. சாப்பிடலாம், எழுதலாம், புட்டம் காற்றில் சுதந்திரமாக இருக்கும். போனில் மருத்துவரைக் கேட்டேன். செய்யலாம் என்றார்.

இப்படியே மூன்று வாரத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

இந்த இடத்தில் என் மகள் ஷீபாவைப் பற்றிச் சொல்லணும். அவளும் பிரின்ஸும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பையன் தங்கமான பையன், சிங்கப்பூரில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், அப்பா அந்தோணிசாமி இரும்புக்கடை வைத்திருக்கிறார். எல்லாம் சரி, ஆனால் அவர்கள் ஆர்.சி., நாங்கள் புராட்டஸ்டன்ட். "மாதாவைக் கும்பிடுற வீட்டுல பொண்ணு குடுக்கமாட்டேன்" என்று ஒன்றரை வருஷம் வேதாகமத்தை வைத்துக்கொண்டு வாதாடியவன் நான்தான். ஷீபா அழுதாள், சாப்பாட்டை ஒதுக்கினாள், பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். மகள் பேசாத வீட்டில் நான் ஜெயித்த வாதத்தால் என்ன பயன்? கடைசியில் சரி என்றேன். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கை நனைப்பதாகப் பேச்சு.

வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பேர்தான் கை நனைப்பது. சாப்பிடாமல் எழுந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு. அந்த அர்த்தத்தை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

போனில் வந்த சேதி, பிரின்ஸின் லீவைக் குறைத்துவிட்டார்கள், திங்கள்கிழமை சிங்கப்பூர் கிளம்புகிறான், சனிக்கிழமையே வந்துவிடுங்கள் என்பது. சனிக்கிழமை என்றால் மறுநாள். எனக்குப் பதிமூன்றாம் நாள்.

"மூலம்னே சொல்லிருவோமா?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"பரம்பரை வியாதின்னு அவிய பயந்துட்டா? வாயத் தொறக்காதீக. உள்ளதைச் சொன்னீகன்னா பேசாம நான் மலையேறிப் போயிருவேன்."

காரில் உட்கார முடியாது என்பதால் எஸ்தரும் ஷீபாவும் பழத்தட்டுகளோடு காரில் போனார்கள். நான் பஸ். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய், காலை 10.20 வண்டி. உட்காரக் கூடாதவனுக்கு இதைவிடச் சொகுசான வாகனம் கிடையாது. நிற்பதற்கென்றே செய்தது. ஆனால் என் நரைதான் எதிரி. ஏறியதும் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். வேண்டாம் என்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். கண்டக்டர் விடவில்லை. "ஏலே, பெரியவருக்கு எடங்குடுலே!" என்று ஒரு இளைஞனையும் எழுப்பிவிட்டார். மூன்று காலி இருக்கைகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அந்த மூன்று பேரும் கடைசி வரை என்னை முறைத்துக்கொண்டே நின்று வந்தார்கள்.

10.55க்கு இறங்கினால் பிரின்ஸ் பைக்கோடு காத்திருக்கிறான். "வாங்க மாமா, ஏறுங்க."

"நீ போப்பா. நான் நடந்து வாரேன்."

"ஒன்றரை கிலோமீட்டர் இருக்கு மாமா, வெயிலு..."

"பரவாயில்ல. நடக்கேன்."

அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பைக்கை உருட்டிக்கொண்டே என் கூட நடந்தான். மாப்பிள்ளையின் வண்டியில் ஏறமாட்டேன் என்கிற மாமனாரை அவன் எப்படி எடுத்துக்கொள்வான்?

வீட்டில் அந்தோணிசாமி வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூடத்தில் புது சோபா, உறை பிரிக்காதது.

"உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும். செத்த நேரம் நிக்கேன்."

"ஏன் நிக்கணும்? உக்காருங்க."

"பஸ்ஸுல உக்காந்தே வந்ததுல இடுப்பு புடிச்சுக்கிட்டு."

அப்போது வெளியே பைக்கை நிறுத்திவிட்டு வந்த பிரின்ஸ், சூது தெரியாத பிள்ளை, "நீங்க பஸ்ஸுல நின்னுதானே மாமா வந்தீங்க, சன்னல் வழியா பாத்தேனே" என்றான்.

அடுப்படி வாசலில் பிரின்ஸின் அம்மா லூர்து மேரி கரண்டியோடு நின்றுவிட்டார். மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை, அந்தோணிசாமியின் அக்கா, தலையைத் தூக்கினார். "ஒன்றரை வருசமா மாட்டேன்னாவ. இப்ப உக்காரவும் மாட்டேங்காவ. வேற என்னத்தச் சொல்லணும்?"

"அக்கா, சும்மா இரு" என்ற அந்தோணிசாமியின் குரலும் மாறியிருந்தது. "அண்ணாச்சி, மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. கை நனைக்க முன்னாடி சொன்னா ரெண்டு வீட்டுக்கும் மரியாதை."

ஷீபா என்னைப் பார்த்தாள். மாதக்கணக்கில் என்னைப் பார்க்காமல் இருந்தவள், இப்போதுதான் கொஞ்ச நாளாகப் பார்க்கிறாள். "அப்பா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு வியர்த்து இறுக்க உடுப்புக்குள் ஓடியது.

"மனசுல ஒண்ணுமில்ல. பசிக்குது. இலையைப் போடுங்க" என்றேன்.

இலை போட்டார்கள். தரையில். பந்திப்பாய் விரித்து, சுவரோரமாக வரிசையாக. சோபாவைவிடத் தரை மோசம். குத்தவைத்தால் சம்பந்தி வீட்டில் மரியாதை இல்லை. பக்கத்தில் ஒரு டீப்பாய் இருந்தது. யோசிக்க நேரமில்லாமல் அதை இழுத்து, இலையைத் தூக்கி அதன் மேல் வைத்து, பந்திப்பாயை நாலாக மடித்து முழங்காலுக்குக் கொடுத்து, மண்டியிட்டேன்.

மண்டியிட்ட பிறகுதான் எதிரே பார்த்தேன். சுவரில் மாதா சுரூபம். சுற்றிலும் சீரியல் பல்பு, கீழே மெழுகுவர்த்தி.

லூர்து மேரியின் கையிலிருந்த கரண்டி சாதத்திலேயே விழுந்தது. "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டு அவர் மண்டியிட்டார். அந்தோணிசாமி மண்டியிட்டார். பிரின்ஸ், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்த அத்தை, எல்லாரும். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சபைக்காரியான எஸ்தர் என்ன செய்வது என்று தெரியாமல் பாதி மண்டியில் மாட்டிக்கொண்டாள்.

ஜெபம் முடிந்து அவர்கள் சம்மணமிட்டார்கள். நான் மண்டியிட்டபடியே சாப்பிட்டேன். "நேர்ச்சையா அண்ணாச்சி?" என்று அந்தோணிசாமி மெதுவாகக் கேட்டார். வாயில் சோறு இருந்ததால் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். சாதம், சாம்பார், மட்டன் குழம்பு, கோழி வறுவல், பாயாசம். ஒன்றையும் விடவில்லை. இந்த ஜில்லாவில் இதுவரை யாரும் இவ்வளவு நேரம் முட்டியில் நின்று மட்டன் கடித்திருக்கமாட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். கை கழுவும்போது லூர்து மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குப் பூசையில சாமியார்கிட்ட சொல்லப்போறேன் அண்ணாச்சி. புராட்டஸ்டன்ட் சம்பந்தி மாதா முன்னால முழங்கால் போட்டு கை நனைச்சாருன்னு கோயில்ல எல்லாருக்கும் தெரியணும்."

பொய்யில் சிலது சின்னது, கிழங்கோடு போய்விடும். இதைக் கோயிலில் சொல்லப் போகிறார்கள். என் மகள் வாழப்போகிற வீடு. எஸ்தர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

"மதினி, நான் பக்தியில முழங்கால் போடல" என்றேன்.

அசனத்திலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். சாம்பார் வாளி, குழாய், பஞ்சுப் பொதி, இறுக்க உடுப்பு. சொல்லி முடித்ததும் பிரின்ஸ் தரையைப் பார்த்தான். ஷீபா முகத்தை மூடிக்கொண்டாள். எஸ்தர் மலையேறுகிற வழியைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"எம்புட்டு?" என்றார் அத்தை.

"எது, செலவா?"

"செலவு யாருக்கு வேணும்? எம்புட்டு எடுத்து வச்சாவ?"

"ரெண்டு பக்கமும் சேத்து முக்கா லிட்டர்."

"பாலு ஊத்துற மாதிரி சொல்லுதாரே! ஏலே அந்தோணி, உனக்கும் பின்னால ஒண்ணுமில்லலே, கேட்டு வச்சுக்கோ."

முதலில் சிரித்தது அந்தோணிசாமிதான். புரையேறிச் சிரித்தார். பிறகு எல்லாரும். சிரிக்காமல் நின்றவர் லூர்து மேரி மட்டும். அவர் டீப்பாய் அருகே போய் என் இலையைக் குனிந்து பார்த்தார். பாயாசம் வரை வழித்திருந்தது.

"எதுக்காக முழங்கால் போட்டா என்ன அண்ணாச்சி" என்றார். "இலை காலி. கை நனைஞ்சிருச்சு. இனி நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாது." இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது தோள் குலுங்கியது.

மாலை 4.30 பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். ஷீபா காரில் போகாமல் என்னோடு வந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் அவளும் நின்றே வந்தாள். எனக்கு இடம் கொடுக்க வந்தவரிடம், "எங்கப்பா உக்காரமாட்டாவ" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பெண்ணைக் கொடுத்து, உண்மையையும் சொல்லிமுடித்து, கொழுப்பில் ஒரு துளியைக்கூட நசுக்காமல் திரும்பிய என் பெருமையை நான் எங்கே வைப்பது? புதிதாக இடம்தான் இருக்கிறதே.

இந்தப் பயணத்திலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். தகுதியான பிளாஸ்டிக் சர்ஜனிடம் மட்டும் போங்கள், விலை பேசிக் குறைக்கிற சாமான் இல்லை இது. என் விதிகள் என் மருத்துவர் எனக்குச் சொன்னவை, உங்களுக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான் சட்டம். ஊர் திரும்ப வேன் எடுங்கள், அதிகாலையில் கிளம்புங்கள், வெயில் ஏறினால் இறுக்க உடுப்புக்குள் வெந்துபோவீர்கள். இரண்டு செட் உடுப்பு வாங்கிவிடுங்கள், ஒன்று 3,400 ரூபாய், துவைத்தால் காய ஒரு நாள் ஆகும். தண்ணீரும் முட்டையும் நிறைய. வேகத்தடைகளைப் பற்றி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். என்ன சிகிச்சை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கிழங்கு தின்னத் தயாராக இருங்கள். மூன்று வாரத்துக்குள் விசேஷம் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துக்கொண்டால், போகிற வீட்டில் டீப்பாய் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. நன்றாக உட்காருகிறேன், இதையும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கல்யாணம் தை மாதம், இரண்டு கோயிலிலும் ஜெபம். போன வாரம் கோட் சூட் தைக்க என் வழக்கமான டெய்லரிடம் போனேன். நிமிர்ந்து நின்று, திரும்பி, இன்னொரு தடவை திரும்பிக் காட்டினேன். அவர் புட்டத்தைச் சுற்றி டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு பழைய நோட்டைப் புரட்டினார்.

"பழைய அளவே இருக்கட்டும் அண்ணாச்சி. அரை இஞ்சுதான் கூட இருக்கு. அது தையல்லயே போயிரும்."